சோளகக் காற்றும் ஏழு பல்சக்கரங்களும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலை இல்லை. அந்தக் குறையைத் தீர்க்கவோ என்னவோ, இறைவன் எங்களுக்குக் காற்றைத் தந்திருக்கிறான். வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரையில் தென்மேற்கிலிருந்து வீசும் சோளகத்தை எதிர்த்துத் துவிச்சக்கரவண்டி மிதித்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். நுவரெலியாவுக்கு ஏறுகிறவன் தன் முன்னால் நிற்கும் ஏற்றத்தைக் கண்ணாலே காண்கிறான். இன்னும் இத்தனை வளைவு கழிந்தால் உச்சி வரும் என்று தன் மனத்தைத் தேற்றிக்கொள்கிறான். சோளகத்தை எதிர்ப்பவனுக்கோ கண்முன்னே தெரிவது மேசை போன்ற சமதரை. கால்களுக்கு மட்டுமே அது மலை.

ஆகையால், கனடாவில் வாழும் என் தம்பி விடுமுறையில் வந்து திரும்பும்போது, தான் ஓடித்திரிந்த ஏழு கியர்ச் சைக்கிளை எனக்கென்று விட்டுச்சென்றபொழுது, அயலவர்கள் சிரித்தது போல நான் சிரிக்கவில்லை. "மேடு பள்ளம் இல்லாத ஊரிலே மாஸ்டருக்கு ஏழு கியர் என்னத்துக்கு?" என்று ஒழுங்கையில் ஒருவர் கேட்டார். "ஆடி மாதம் பண்ணைப் பாலத்தாலே போய்ப் பாருங்கோ, தெரியும்" என்று மறுமொழி சொன்னேன். சொன்ன வாய்க்கு நானே ஒருநாள் சாட்சி சொல்ல வேண்டி வந்தது.

சென்ற ஆடியில் ஒரு சனிக்கிழமை நயினாதீவுக்குச் சைக்கிளில் செல்வது என்று தீர்மானித்தேன். நெடுநாளைய ஆசை அது. என் தந்தையார் இளமையிலே பண்ணை, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் வரையில் மிதித்துச் சென்று, அங்கிருந்து கடல் கடந்து நாகபூஷணி அம்மனைத் தரிசித்து வருவாராம். "நீயும் வளர்ந்தாப் பிறகு போவம்" என்று என்னிடம் சொல்லியிருந்தார். நான் வளர்ந்தேன், ஆனால் 1990 க்குப் பின் பல ஆண்டுகள் அந்தப் பாதை எங்களுக்கு மூடியே கிடந்தது. அது திறந்த காலத்தில் அவருடைய முழங்கால்கள் ஓய்ந்துவிட்டன. இப்பொழுது அவரும் இல்லை. ஆகவே என் தமக்கையின் மகனைத் துணைக்கு அழைத்தேன். அவனுக்கு வயது பதினைந்து. கிளிநொச்சியிலிருந்து வந்து எங்கள் வீட்டில் தங்கிப் படிக்கிறான். வீட்டில் நான் அவனுக்கு மாமா; கல்லூரியில் அவனுக்கு விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியன். சென்ற தவணையில் அந்தப் பாடத்திலே அவன் பெற்ற புள்ளிகளை இங்கே எழுதாமல் விடுவதே இருவருக்கும் மரியாதை.

பயணத்துக்கு ஒரு தடை இருந்தது. சைக்கிள் சில கிழமைகளாக முறையிட்டுக்கொண்டிருந்தது. கியர்ப் பிடியை ஓர் எண் நகர்த்தினால் 'டிக்' என்று ஒலிக்கும். ஆனால் சங்கிலி உடனே சிறிய பல்சக்கரத்துக்கு இறங்காது. இரண்டுக்கும் நடுவிலே நின்று கடகடவென்று அரற்றும். பத்துப் பன்னிரண்டு மிதி மிதித்த பின்னர், தனக்கு இஷ்டமான நேரத்திலே 'தடக்' என்று விழும்.

இதை நானே திருத்திவிடலாம் என்று எண்ணியதற்குக் காரணம் உண்டு. தந்தையார் வைத்திருந்தது மூன்று கியர் கொண்ட பழைய ஆங்கிலச் சைக்கிள். நொட்டிங்காம் நகரிலே 1902 இல் தோன்றிய ஸ்டேர்மி ஆர்ச்சர் நிறுவனத்தார் செய்த வகை அது. அதன் கியர் முழுவதும் பின்சில்லின் நடுக்குடத்துக்குள்ளே அடங்கியிருக்கும். அச்சின் துளைக்குள்ளிருந்து மெல்லிய சிறு சங்கிலி ஒன்று வெளியே வரும். கியரை இரண்டாம் நிலையில் வைத்து, வலப்பக்க நட்டில் உள்ள துளையினூடே பார்க்க வேண்டும். அச்சிறு சங்கிலி பொருந்திய கம்பியின் தோள், அச்சின் நுனியோடு ஒரே மட்டமாக நின்றால் எல்லாம் சரி. இல்லையேல் சிறு திருகு ஒன்றை இரு விரலாலே திருப்பி மட்டப்படுத்தலாம். தந்தையார் ஞாயிறுதோறும் காலையிலே முற்றத்தில் குந்தியிருந்து அதைச் செய்வார். 1990 களில் குடாநாட்டுக்கு எரிபொருள் வராத காலத்தில், மருத்துவமனைக்கும் சந்தைக்கும் பள்ளிக்கும் எங்கள் குடும்பத்தை அந்த வண்டியே சுமந்தது. 2022 இல் பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்றபொழுதும் அதையே தூசி தட்டி எடுத்தோம். ஒரு திருகாலே தீர்ந்த அந்த வித்தையைப் பார்த்து வளர்ந்தவனுக்கு, ஏழு கியரும் அப்படியே என்று தோன்றியதில் வியப்பில்லை.

வெள்ளிக்கிழமை இரவு விறாந்தை விளக்கின் கீழே சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினேன். புதிய வகைக் கியரில் மறைவு ஒன்றும் கிடையாது. ஏழு பல்சக்கரங்கள் பின்சில்லின் ஓரத்திலே பெரிதிலிருந்து சிறிதாக அடுக்கியிருக்கும். அவற்றின் கீழே தொங்கும் ஒரு கை, சங்கிலியை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தள்ளும். பிரெஞ்சுக்காரர் அதற்கு இட்ட பெயருக்குத் 'தடம் புரளச் செய்வது' என்று பொருள். நாம் அதைச் சங்கிலிநகர்த்தி எனலாம். அதன் பின்புறத்திலே இரண்டு சிறு திருகாணிகள் கண்ணில் பட்டன. இவைதாம் தந்தையாரின் திருகுக்கு வாரிசுகள் என்று முடிவுசெய்து, மருமகனை விளக்குப் பிடிக்கச் செய்து, நெம்புகோல் தத்துவத்தையும் விளக்கிக்கொண்டே, ஒன்றை ஒரு சுற்றும் மற்றதை ஒன்றரைச் சுற்றும் திருப்பினேன். கையாலே சுற்றிப் பார்த்தேன். சத்தம் குறைந்தது போல இருந்தது. பையன் வாய் திறந்தான், பிறகு மூடிக்கொண்டான். நித்திரை வருகிறது போலும் என்று எண்ணிக்கொண்டேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்குப் புறப்பட்டோம். அவனுடையது கியர் இல்லாத சாதாரணச் சைக்கிள். கோட்டையைக் கடக்கும்போது இளவெயில் அதன் மதில்களிலே பட்டது. போர்த்துக்கேயர் எழுப்பியதை 1658 இல் ஒல்லாந்தர் கைப்பற்றி, பின் விரித்துக் கட்டிய கோட்டை அது. அதைத் தாண்டியதும் நிலம் விடைபெற, இருபுறமும் முழங்காலளவு நீர் பரந்த பரவைக்கடலை ஊடறுத்துப் பண்ணைப் பாதை நேரே ஓடுகிறது. கம்புகள் நட்டு வலை கட்டிய மீன்பொறிகள் வரிசை வரிசையாக நின்றன. ஒவ்வொரு கம்பின் தலையிலும் ஒரு கடற்பறவை, காற்றுக்கு முகம் கொடுத்து உட்கார்ந்திருந்தது.

காற்றை எதிர்கொண்ட முதற் கணத்திலேயே வண்டி கனத்தது. ஐந்தாம் எண்ணிலிருந்து நான்குக்கும், நான்கிலிருந்து மூன்றுக்கும் இறக்கினேன். கடகடப்பு மீண்டும் தொடங்கியது. முன்னே சென்ற பையன் திரும்பிப் பார்த்து, "மாமா, ஒண்டுக்கு மாத்தாதேங்கோ!" என்று கூவினான். காற்று அவன் சொல்லில் பாதியைத்தான் என்னிடம் கொண்டுவந்தது. "மாத்துங்கோ" என்றே என் காதில் விழுந்தது. மாற்றினேன்.

சங்கிலி பெரிய பல்சக்கரத்தில் ஏறியது. அங்கே நிற்காமல் அதையும் தாண்டிச் சில்லின் கம்பிகளுக்குள்ளே விழுந்து இறுகியது. மிதிகள் கல்லாய் நின்றுவிட்டன. அதே வேளையில் பின்னாலிருந்து ஊர்காவற்றுறைப் பஸ் ஒன்று கொம்பு ஊதிக்கொண்டு வந்தது. சைக்கிள் வலப்பக்கம் சாய்ந்தது. நான் எப்படியோ இடக்காலை ஊன்றி வண்டியைக் கரைப்பக்கம் இழுத்தேன். பஸ்ஸின் காற்று என் சட்டையைப் பிடித்து உலுப்பிவிட்டுச் சென்றது. இரண்டு முழம் தவறியிருந்தால் இக்கட்டுரையை எழுத நான் இல்லை.

பையன் ஓடிவந்தான். சங்கிலியைக் கம்பிகளிலிருந்து விடுவிக்கும்போது அவன் விரல்கள் நடுங்கின. சற்று ஆறிய பின், தரையைப் பார்த்தபடி சொன்னான்:

"நேற்றிரவே சொல்ல நினைச்சனான், மாமா. அந்த ரெண்டு ஸ்குறூவும் சத்தத்துக்கு இல்லை. செயின் அங்காலை இங்காலை விழாமல் மறிக்கிறதுக்கு."

"பிறகேன் சொல்லேல்லை?"

"நீங்கள் விளங்கப்படுத்திக்கொண்டிருந்தனீங்கள். குறுக்கை கதைச்சால் உங்களுக்குக் கோவம் வரும்."

கடல் நடுவே, காற்று இரையும் அந்தப் பாதையிலே, எனக்கு மறுமொழி ஒன்றும் வரவில்லை. இருபது ஆண்டுக்கு மேலாகப் பிள்ளைகளிடம் "விளங்குதோ?" என்று கேட்டு வருகிறவன் நான்.

கியர்ப் பிடியைத் தொடாமல் மூன்றாம் எண்ணிலேயே மெதுவாக ஓடினோம். அல்லைப்பிட்டியும் மண்கும்பானும் கழிந்தன. வெண்மணலும் பனந்தோப்பும் காற்றிலே ஒருபக்கம் சாய்ந்த பற்றைகளும் உள்ள பூமி அது. பனையோலைகளின் சலசலப்பிலே கியரின் அரற்றல் சில சமயம் மறைந்தது. வேலணையில் வங்களாவடிச் சந்திக்கு அணித்தாக, ஒரு பூவரசின் கீழே ஓலைக்கொட்டில் போட்டு, எழுபது வயதளவான பெரியவர் ஒருவர் சைக்கிள் திருத்திக்கொண்டிருந்தார். அவர் எங்கள் வண்டியின் ஆசனத்தில் கயிற்றைக் கொளுவிப் பூவரசங் கிளையிலே தூக்கினார். மிதியைக் கையாலே ஒருமுறை சுற்றினார். பின்னர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"மாஸ்டர், இதை ஆர் திருகினது?"

"நான்தான், ஐயா" என்றேன். பையன் பூவரசம்பூவை ஆராய்ந்துகொண்டிருந்தான்.

பெரியவர் சிரிக்கவில்லை. "தம்பி, இஞ்சை வா" என்று பையனை அழைத்து, அவனுக்குக் காட்டுவது போல எனக்கும் காட்டினார். அன்று நான் கற்றதை, வீட்டிலே கியர்ச் சைக்கிள் வைத்திருக்கும் மாணவர்களுக்காக இங்கே முறைப்படி எழுதுகிறேன்.

அந்த இரு திருகாணிகளும் எல்லைக்கற்கள். ஒன்று, சங்கிலி மிகச் சிறிய பல்சக்கரத்தைத் தாண்டிச் சட்டகத்தின் பக்கம் விழாமல் தடுப்பது. மற்றது, மிகப் பெரிய பல்சக்கரத்தைத் தாண்டிச் சில்லுக் கம்பிகளுக்குள் விழாமல் தடுப்பது. கடைசிப் பல்சக்கரத்தின் நேர்கீழே சங்கிலிநகர்த்தியின் மேற்கப்பி வந்து நிற்கும்படி அவற்றை வைத்துவிட்டால், பின்னர் அவற்றைத் தொடவே வேண்டியதில்லை. இடையில் எழும் சத்தத்துக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை.

இடையில் எழும் சத்தம் கேபிளைப் பற்றியது. கேபிள் இழுத்தால் சங்கிலி பெரிய பல்சக்கரத்துக்கு ஏறும். கேபிள் தளர்ந்தால், சங்கிலிநகர்த்தியில் உள்ள வில்லுச்சுருள் அதைச் சிறியதற்கு இறக்கும். ஏறத் தாமதித்தால் கேபிள் தளர்ந்திருக்கிறது. இறங்கத் தாமதித்தால் கேபிள் அளவுக்கு மேல் இறுகியிருக்கிறது, அல்லது உறைக்குள்ளே துருப்பிடித்துச் சிக்குகிறது. எங்களுடையது இறங்கத்தான் தாமதித்தது. பெரியவர் கேபிளைக் கழற்றி உறையிலிருந்து உருவினார். வெள்ளிபோல இருக்க வேண்டிய கம்பி, மூன்று விரற்கடை நீளத்துக்குச் செம்மண் நிறத்தில் வந்தது. "உப்புக்காத்து" என்று மட்டும் சொன்னார்.

புதிய கேபிள் பூட்டினார். கியரை ஏழாம் எண்ணில், அதாவது மிகச் சிறிய பல்சக்கரத்தில் வைத்து, கேபிளைத் தொய்வில்லாமல் இழுத்து முடுக்கினார். எல்லைத் திருகாணிகளைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தார். பின்னர் கேபிள் சங்கிலிநகர்த்திக்குள் நுழையும் இடத்தில் உள்ள உருளைத் திருகைக் காட்டினார். தந்தையாரின் திருகுக்கு உண்மையான வாரிசு அதுதான்! பின்னாலிருந்து பார்க்கும்போது இடஞ்சுழியாகத் திருப்பினால் கேபிள் இறுகும். வலஞ்சுழியாகத் திருப்பினால் தளரும். ஒரு முறைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்பலாகாது. திருப்பியதும் மிதியைச் சுற்றிக் காது கொடுக்க வேண்டும். ஒன்றை மாற்றிப் பார்க்குமுன் மற்றொன்றில் கைவைக்கவும் கூடாது.

கால் சுற்று என்பது வெறும் பக்குவம் என்று நினைத்துவிட வேண்டாம். ஏழு பல்சக்கர அடுக்கிலே ஒன்றுக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி பொதுவாக 5 மில்லிமீற்றர்தான். அதில் ஒரு மில்லிமீற்றர் பிசகினாலே சங்கிலி அடுத்த பல்லை உரசி அரற்றத் தொடங்கும். முற்காலத்துக் கியர்களில் 'டிக்' என்ற படிகள் கிடையா. ஓட்டுபவன் பிடியைச் சிறிது சிறிதாக நகர்த்தி, சத்தம் அடங்கும் இடத்தைக் காதாலே கண்டுபிடிப்பான். பிரான்ஸ் நாட்டைச் சுற்றும் பெரும் போட்டியிலே 1937 வரையில் இவ்வகைக் கியருக்கு இடமே கொடுக்கவில்லை. 1984 இல் ஜப்பானின் ஷிமானோ நிறுவனத்தார் படிப்படியாக நகரும் பிடியைத் தமது உயர்தரச் சாதனத்தில் வெளியிட்ட பின்னரே, 'டிக்' என்ற ஒலியை நம்பிக் கியர் மாற்றும் வழக்கம் உலகெங்கும் பரவிற்று. வசதி பெரிதுதான். ஆயினும் பிடி 'டிக்' என்றதாலேயே வேலை முடிந்தது என்று நம்பி, கீழே சங்கிலி சொல்வதைக் கேளாமல் விடும் பழக்கமும் அதனோடு வந்துவிட்டது.

இறுதியாகப் பெரியவர் ஓர் அளவுகோலைச் சங்கிலியின் மேல் வைத்தார். சங்கிலியின் 24 கண்ணிகள் ஊசிக்கு ஊசி சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். பதினாறில் ஒரு பங்கு அங்குலம் நீண்டிருந்தால் சங்கிலியை மாற்றிவிடுவது நன்று. எட்டில் ஒரு பங்கு நீண்டிருந்தால் பல்சக்கரங்களும் சேர்ந்து தேய்ந்திருக்கும். எங்களுடைய சங்கிலி நல்ல நிலையில் இருந்தது. "கிளையிலை தொங்கேக்கை எந்தச் சைக்கிளும் நல்ல பிள்ளைதான். ஆள் ஏறி மிதிச்சால்தான் குணம் தெரியும். வழியிலை ஒருக்கால் பாருங்கோ" என்று பையனிடம் சொல்லி வண்டியை இறக்கினார்.

வேலணையையும் புங்குடுதீவையும் இணைப்பது வாணர் தாம்போதி. பண்ணைப் பாதையைவிட அங்கே காற்றுக்கு உரிமை அதிகம். இருபுறத்துக் கடலும் நுரைத்துக் கரைக்கற்களில் மோத, தெறித்த நீர் உதட்டிலே உப்பாக ஒட்டிக்கொண்டது. மூன்றாம் எண்ணில் மெல்லிய உரசல் ஒன்று கேட்டது. இம்முறை நான் வண்டியை நிறுத்தி, "தம்பி, என்ன செய்வம்?" என்று கேட்டேன். அவன் குனிந்து சில்லைத் தூக்கச் சொன்னான், தூக்கினேன். மிதியைச் சுற்றினான், காதை அருகே கொண்டுபோனான். உருளைத் திருகை இடப்பக்கமாகக் கால் சுற்றுத் திருப்பினான். உரசல் நின்றது. "இனி மாத்திப் பாருங்கோ, மாமா" என்றான். ஒன்றிலிருந்து ஏழு வரையிலும், ஏழிலிருந்து ஒன்று வரையிலும் சங்கிலி படிக்கட்டில் இறங்கி ஏறுவது போலச் சென்று வந்தது. எஞ்சிய வழியில் காற்றின் ஓசையன்றி வேறோசை கேட்கவில்லை. முதலாம் எண்ணிலே, கால்கள் விரைவாகச் சுழல, வண்டி நடைவேகத்தில் ஊர, கியரில்லாத சைக்கிளில் நின்று மிதிக்கும் பையனோடு ஒருவாறு சமமாகப் போனேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து குறிகட்டுவான் ஏறத்தாழ 30 கிலோமீற்றர். சாதாரண நாளில் இரண்டு மணி நேரம் போதும். எங்களுக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் சென்றது. இறங்குதுறையில் சைக்கிள்களை விட்டுப் படகேறினோம். அம்மன் கோயிலுக்குச் செல்வோரும் நாகதீப விகாரைக்குச் செல்லும் வெள்ளுடைச் சிங்கள யாத்திரிகரும் ஒரே படகில் தோளோடு தோள் உரச நின்றனர். அலை உயரும்போது எல்லோரும் ஒருங்கே ஒருபுறம் சாய்ந்து, ஒருங்கே சிரித்தனர். உச்சிக்காலப் பூசை கண்டோம். தந்தையாரை நினைந்து ஒரு கற்பூரம் ஏற்றினேன்.

திரும்பும்போது சோளகம் எங்கள் முதுகைப் பிடித்துத் தள்ளியது. ஏழாம் எண்ணிலே சைக்கிள் பறந்தது. காலையில் கல்லாய்க் கிடந்த தாம்போதி மாலையிலே நொடியில் கழிந்தது. பண்ணைப் பாதையிலே, காலையில் நான் சாய்ந்த இடத்தில் மட்டும் இருவரும் பேசாமல் இறங்கி, சிறிது தூரம் உருட்டிக்கொண்டு நடந்தோம்.

அந்தப் பயணத்தின் பின் பையன் விஞ்ஞானத்தில் முதலாம் பிள்ளையாக வந்துவிட்டான் என்று எழுதினால் கதை அழகாக முடியும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. சில புள்ளிகள் கூடியிருக்கின்றன. ஆனால் வகுப்பிலே இரண்டு தடவை கையை உயர்த்தி, "சேர், நீங்கள் சொன்னது விளங்கேல்லை" என்றிருக்கிறான். முன்னர் அவன் அப்படிச் சொன்னதில்லை. நானும் விளக்கிக்கொண்டே போகாமல் இடையிலே நிறுத்திப் பழகுகிறேன். எளிதாக இல்லை, கால் சுற்று, கால் சுற்றாகத்தான் வருகிறது.

மாதம் ஒருமுறை ஞாயிறு காலையில் கேபிளுக்கு எண்ணெய் விடுகிறோம். திருகு அவன் கையில். விளக்குப் பிடிப்பது நான்.